இருன்னா இருக்கணும்

அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். இனி என்னை யார் வைத்துக்கொள்வது என்று தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், பேசிக்கொண்டிருந்தபோதே மச்சான் வந்து நின்றார். என் அக்காவின் புருஷன். ஹல்துமுல்லைக்கு மேலே அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையைச் சுற்றி நடந்தே வந்திருந்தார். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த இடமெல்லாம் இரத்தம். என் துணி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா புள்ள, ஒங்கக்கா ஒல வச்சுட்டு ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

வழி முழுக்கத் தன் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு அவர் நனைந்துகொண்டே நடந்தார். எனக்கும் இப்படி ஒரு புருஷன் வாய்க்க வேண்டும் என்று அன்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்தத் தோட்டத்துப் பெண்கள் பலருக்கும் அந்த ஏக்கம் இருந்தது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

மச்சான், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாய்க்காரர். அந்தக் காலத்துத் துரைமாருக்கு மரை என்கிற பெரிய மானை வேட்டையாடுவதென்றால் பைத்தியம். சீமையிலிருந்து கப்பலில் வந்த பெரிய நாய்களும், அவற்றுக்கும் நாட்டு நாய்களுக்கும் பிறந்தவையும் பங்களாவுக்குப் பின்னால் கொட்டகையில் இருந்தன. அவற்றைக் குட்டியிலிருந்து பழக்குவதும், வேட்டைக்குக் கொண்டுபோவதும், மரை குத்திக் குடல் சரிந்து திரும்பினால் தைத்துவிடுவதும் மச்சானின் வேலை. நாங்கள் தீபாவளிக்கும் பார்க்காத அளவு இறைச்சி அந்தக் கொட்டகையில் தினமும் வெந்தது.

குடிக்க மாட்டார். சம்பளத்தை அப்படியே அக்கா கையில் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது. வேலைக்கு ஆள் எடுக்க யாரும் கொம்பு ஊத மாட்டார்கள். அன்று பிள்ளைகள் இரண்டையும் வாசலில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவார். மூத்தவள் செல்லி, இளையவன் ராசு. செல்லியின் தலையை அவர்தான் வாருவார், அவர்தான் பின்னுவார். மற்ற ஆண்கள் பார்த்துச் சிரித்தாலும் கவலைப்பட மாட்டார். கொழுந்து எடுத்துவிட்டு வரும் அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, அட்டை கடித்த இடத்துக்கெல்லாம் சுண்ணாம்பு வைப்பார். நாய்களைத் தொட்ட கையோடு பிள்ளைகளைத் தொட்டதே இல்லை. எலுமிச்சம் தோலால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தூக்குவார்.

நாய்களை அவர் பழக்கும் விதத்தைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரெல்லாம் வருவார்கள். வரிசையாகத் தகரத் தட்டுகளில் சோறும் இறைச்சியும் வைப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு நாய். "இரு" என்பார் மெதுவாக. அவர் குரல் எப்போதுமே மெதுவானதுதான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விடுவார். நாய்கள் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கும். உடம்பு நடுங்கும். ஒன்றுகூடத் தட்டைத் தொடாது. எங்கிருந்தோ அவர் சீட்டி அடித்த பிறகுதான் பாயும்.

"அடிச்சுப் பழக்க மாட்டீங்களா மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடிச்சா நாய் பயந்துக்கும் புள்ள. பயந்த நாய் ஒரு நாளைக்கு ஓடிப் போயிரும். காக்க வச்சுப் பாரு. அதுக்கப்பறம் அதுக்கு ஒலகத்துல ஒம்மொகம் மட்டுந்தான் தெரியும்."

சீட்டி வருமுன் வாய் வைத்துவிட்ட ஒரு குட்டியை அவர் என்ன செய்தார் என்பதை நானே பார்த்தேன். ஓர் அடி அடிக்கவில்லை, ஒரு சொல் திட்டவில்லை. மற்ற நாய்கள் தின்னும் இடத்துக்கு எதிரே கட்டிவைத்தார். அதற்குத் தண்ணீர் மட்டும். அவர் அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும், அங்கே ஒரு குட்டி இருப்பதே தெரியாதவர் மாதிரிப் போவார். அது கத்தியது லயம்வரைக்கும் கேட்டது. பிறகு கத்த முடியாமல் படுத்துவிட்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்து, உருண்டை உருண்டையாகத் தன் கையால் ஊட்டினார். அது தின்பதை விட்டுவிட்டு அவர் பாதத்தை நக்கியது.

"இனி இது செத்தாலும் தொடாது" என்றார். அப்படித்தான் ஆயிற்று.

அவர் வீட்டுச் சாப்பாடும் எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. அக்கா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உட்காருவாள். பிள்ளைகள் இரண்டும் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கும். அவர் ஒவ்வொருவராகப் பார்ப்பார். பிறகு "ம்" என்பார். அப்புறம்தான் எல்லோர் கையும் தட்டுக்குப் போகும். நல்ல துண்டெல்லாம் எங்களுக்கு. அவர் மிச்சம் மீதியைத்தான் தின்பார்.

வந்த புதிதில் எனக்கு அது பழகவில்லை. பசியில் ஒருநாள் அவர் சொல்லுமுன்பே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். மச்சான் சிரித்த முகமாகவே சாப்பிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. என் பக்கம் திரும்பும்போது அவர் கண் என்னைத் தாண்டிச் சுவரில் போய் நிற்கும். பிள்ளைகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. அக்காவும் அப்படித்தான் இருந்தாள். தனியாக இருந்தபோது, "அவரு மனசு நோகாம நடந்துக்கடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மலையில் கொழுந்து எடுக்கும்போதுகூட யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். ஒரு வாரம் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மச்சான் தன் தட்டிலிருந்த ஒரே இறைச்சித் துண்டை எடுத்து என் தட்டில் வைத்து, "சாப்பிடு புள்ள, எளச்சுப் போயிட்ட" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை. அது துக்கத்தில் வந்த அழுகை என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்காவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்த ஒரு சமயம், மச்சான் எங்கள் எல்லோரையும் பதுளைக்குக் கூட்டிப்போனார். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டி. பதுளைக் கடைத்தெருவில் இறங்கியதும் அக்காவால் நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு மேட்டில் அவளை முதுகில் சுமந்துகொண்டு போனார். தெருவே நின்று பார்த்தது. போவதற்கு முன் எங்களை ஒரு துணிக்கடைப் படியில் உட்கார வைத்து, "இருங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தண்ணீர் நேரே எங்கள் தலையில் விழுந்தது. கடைக்காரர், ஒரு முஸ்லிம் நானா, உள்ளேயிருந்து கூப்பிட்டார். பிறகு குடையோடு வெளியிலேயே வந்துவிட்டார்.

"உள்ளுக்கு வாங்க மகன், நனையாதீங்க எண்டு எத்தன தரம் சொல்ற? காது கேக்குதில்லையா?"

ராசு அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. நானா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பெரிய புள்ளதானே? இந்தச் சின்னதுகளத் தூக்கிட்டு உள்ளுக்கு வந்தா என்ன? யாராச்சும் அடிப்பாங்களா?"

"யாரும் அடிக்க மாட்டாங்க" என்றேன். நானும் எழுந்திருக்கவில்லை.

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். மச்சான் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. தலைப்பாகையை அவிழ்த்து எங்கள் மூவரையும் துவட்டிவிட்டார். ராசுவை நெஞ்சோடு அணைத்து உடம்பைச் சூடாக்கினார். மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நானாவைப் பார்த்து, "சொன்னா சொன்னபடி இருப்பானுங்க மொதலாளி, எம்புள்ளைக" என்றார். அவ்வளவு பெருமையை அவர் முகத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். எங்களை ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டு, அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவர் வெளியே மரத்தடியிலேயே கிடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ராசுவின் சாவுக்கு வருகிறேன்.

எங்கள் லயத்துக்குக் கீழே ஓர் ஆறு. ஆறு என்பது பெரிய பேச்சு. சாதாரண நாளில் கணுக்கால் தண்ணீர்தான். நடுவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. மச்சான் நாய்களை அங்கேதான் குளிப்பாட்டுவார். அன்று ராசுவையும், ஜிம்மி என்ற இளம் நாயையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஜிம்மி அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. பங்களாவிலிருந்து ஆள் ஓடி வந்தான். துரை உடனே வரச் சொல்லுகிறார், விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்றான். மச்சான் மகனையும் நாயையும் பாறையில் உட்கார வைத்து, "இரு" என்று சொல்லிவிட்டு மேலே போனார். சீக்கிரம் வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விருந்தாளிகளுக்கு அந்தத் தட்டு வேடிக்கை பார்க்க வேண்டுமாம். நடந்ததைப் பங்களாச் சமையல்காரர் எங்களிடம் பிறகு சொன்னார். நாய்கள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று துரைமார் தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார்களாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சீட்டி அடிக்க விடவில்லையாம். மச்சான் முற்றத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, துரை எப்போது தலையாட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "மகன் ஆத்துல இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொரை விட்டிருப்பாரு" என்றார் சமையல்காரர். "சொல்லல. ஏன்னு எனக்குத் தெரியாது."

பங்களாப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மேலே மலை உச்சி கறுத்துக் கிடந்தது.

நானும் அக்காவும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மேல் பாதையில் வந்துகொண்டிருந்தோம். கீழே பார்த்தோம். தண்ணீர் செம்மண் நிறமாகிப் பாறை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராசு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜிம்மி நின்று முனகியது.

"ராசு! எந்திரிச்சு வாடா! ஆறு வருது, ஓடியா!" என்று அக்கா கத்தினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எங்களைப் பார்த்தான். பிறகு பங்களாவிலிருந்து வரும் பாதையைப் பார்த்தான். கரைக்கும் அவனுக்கும் நடுவில் அப்போது இரண்டு மூன்று கல்தான். தினமும் அவன் தாண்டி விளையாடுகிற கற்கள்.

"அம்மா சொல்றேன்டா! வாடா!"

அவன் தலையை ஆட்டினான். வர மாட்டேன் என்று.

அக்கா கூடையை எறிந்துவிட்டுச் சரிவில் இறங்கினாள். தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து புரண்டாள். நானும் பின்னால் விழுந்து எழுந்து ஓடினேன். தண்ணீர் பாறைக்கு மேல் ஏறியது. ஜிம்மி இரண்டு தடவை சுற்றிவிட்டுக் குதித்தது. தத்தளித்துக் கரையேறிவிட்டது. அப்போதுதான் ராசு வாயைத் திறந்தான். மடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாயைப் பார்த்து விரலை நீட்டிக் கோபமாகக் கத்தினான்.

"ஜிம்மி! இரு! இரு!"

அக்கா நின்றுவிட்டாள். அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதுவே தோன்றியது. இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். அவளுக்குச் சீட்டி அடிக்க வராது. வெறும் காற்றுத்தான் வந்தது. எச்சில் ஒழுக மறுபடி ஊதினாள். நானும் ஊதினேன். எனக்கும் வரவில்லை.

பிறகு மேலேயிருந்து ஒரு மரம் உருண்டு வந்தது. பாறையை மூடிக்கொண்டு தண்ணீர் போயிற்று.

மறுநாள் தோட்டத்து எல்லையில், பாலத்துக்குக் கீழே வேரில் சிக்கிக் கிடந்தவனை மச்சான்தான் தூக்கி வந்தார். காம்பராவுக்குள், எங்களுடைய அந்த ஒற்றை அறைக்குள், பாயில் கிடத்தினார். முகத்திலிருந்த சேற்றை ஈரத் துணியால் துடைத்தார். காது மடலுக்குள் இருந்ததைக்கூட விடவில்லை. பிறகு என்னைக் கேட்டார்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டோம் மச்சான். அக்கா தொண்ட கிழியக் கத்தினா."

"அவன் எடத்த விட்டு நகரலயா?"

"நகரல."

அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. பதுளைக் கடை வாசலில் நான் பார்த்த அதே முகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் தரையில் விழுந்து அழுததை லயமே கூடி நின்று பார்த்தது. அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்துவிட்டாள்.

ஜிம்மியைக் கொட்டகைக்குப் பின்னால் கட்டினார். இந்தத் தடவை மடியில் வைத்து ஊட்டவில்லை. நாய் செத்ததும் அவரே குழி தோண்டிப் புதைத்தார். "எடத்த விட்டு ஓடின நாயி" என்றார். அவ்வளவுதான் அதற்குச் சொன்னது.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடவும் மாட்டாள். மச்சான் தினமும் அவள் முன்னால் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். எவ்வளவு நேரமானாலும் உருண்டையைக் கையில் பிடித்தபடியே இருப்பார். கடைசியில் அவள் வாயைத் திறப்பாள். "எப்படித் தாங்குறான் பாரு பொண்டாட்டிய" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைத் தேடியவரும் மச்சான்தான். ஹாலிஎலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் குணத்தை விசாரிக்க மச்சான் எத்தனை தடவை நடந்தார் என்று எனக்குத் தெரியும். நல்ல மனிதரையே தேடிக் கொடுத்தார். நான் இன்று நாலு வரி எழுதுவதே என் புருஷன் சொல்லிக்கொடுத்துத்தான்.

புறப்படுகிற நாள் காலையில், கிணற்றடியில் அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் வாயிலிருந்து அன்றுதான் முழுசாக ஒரு பேச்சு வந்தது.

"செல்லியக் கூட்டிட்டுப் போயிருடி."

"மச்சான் விடுவாரா?"

"நீ கேளு."

கேட்டேன். மச்சான் கோபப்படவில்லை. "புள்ளையையே கேளு" என்றார். செல்லி என்னோடு வருவதற்குத் துடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கட்டை மாதிரி இருந்தது. வாசல்வரை வந்தவள் அதற்கு மேல் வரவில்லை. அப்பா "ம்" என்று சொல்லட்டும் என்று நின்றாள். வெளியே என் புருஷன் மூட்டையோடு காத்திருந்தார்.

அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். அந்த வீட்டில் யார்மேலும் அடி விழுந்து நான் பார்த்ததில்லை. முதல் அடி செல்லியின் முதுகில் விழுந்தது.

"போடி! போ! ஒன்னப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது! தம்பியத் தின்னவளே, போ!"

"அம்மா!" என்றாள் செல்லி. தம்பி சாவுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்று அவள் ஆற்றுப் பக்கமே போகவில்லை.

வாசலைத் தாண்டி நாலடி வந்து மறுபடி நின்றாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அக்கா குனிந்து மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். பிறகு கல். ஒன்று செல்லியின் நெற்றியில் பட்டு இரத்தம் வழிந்தது. அக்கா இன்னொன்றைக் குறி பார்த்து ஓங்கினாள். செல்லி ஓடினாள். அழுதுகொண்டே, எங்களையும் தாண்டி, தேயிலை நடுவே போகும் ரோட்டில் ஓடினாள்.

மச்சான் அவளைத் தேடி ஒரு நாளும் ஹாலிஎலைக்கு வரவில்லை. ஆள் விடவும் இல்லை. "அவளே வருவா" என்பாராம். தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்கு ஒரு சேலை வாங்கி மடித்து வைத்தார். செல்லியும் அப்பாவிடமிருந்து ஒரு சொல் வரும் என்று ரோட்டைப் பார்த்தபடியே வளர்ந்தாள். "அப்பா பாவம் சித்தி, அங்க தனியாக் கெடந்து கஷ்டப்படுவாரு" என்பாள். அம்மா பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். நெற்றித் தழும்பை முடியால் மறைத்துக்கொள்வாள். அம்மா இருக்கிற வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். அதனாலேயே அப்பாவிடமும் போகவில்லை.

அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் சொல்லிவிட்டு வர நான் மட்டும் போனேன். மச்சானுக்கு மீசை நரைத்திருந்தது. அக்காவுக்கு மூட்டு வலி. அவள் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "செல்லி வந்தாளா?" என்றார். "வரல மச்சான்" என்றேன். "வருவா" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது அக்கா நொண்டி நொண்டி ரோடுவரை வழியனுப்ப வந்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை.

"அக்கா, நீ ஏன் அப்படி அடிச்சன்னு அவகிட்ட நான் சொல்லிர்றேன். கல்யாணப் பொண்ணு. பெத்த தாயி மேல இவ்வளவு வெறுப்போட மணவறையில ஒக்காரக் கூடாது."

அக்கா திரும்பிக் காம்பராப் பக்கம் பார்த்தாள். மச்சான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்து அவள் வருவதற்காகக் காத்திருந்தார்.

"சொல்லாத" என்றாள். "வெறுப்பு போச்சுன்னா அவ இங்க வந்துருவாடி."